வெண்சுண்ணக் குன்றின் பறவைகள்

நிலத்துக்கும் அதில் வாழும் உயிர்களுக்கும் உள்ள உறவு மிக நெருங்கியது. இவ்வுண்மையை நம் முன்னோர் நெடுங்காலத்துக்கு முன்பே நன்கு உணர்ந்திருந்தனர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தை ஐந்தாகப் பகுத்த தமிழர், ஒவ்வொன்றுக்கும் உரிய கருப்பொருள்களை வகுத்தபோது, மரத்தையும் விலங்கையும் போலவே பறவையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். தொல்காப்பியம் கருப்பொருள்களைத் தொகுத்துக் கூறுமிடத்தில் புள்ளும் இடம் பெற்றுள்ளது. ஒரு நிலத்தைப் பற்றிப் பேசவேண்டுமாயின் அந்நிலத்துப் பறவையைப் பற்றியும் பேசவேண்டும் என்பது அவர்தம் கொள்கை.

இக்கொள்கை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உலகின் எந்த மூலைக்கும் பொருந்துவது. கடல் கடந்து, இங்கிலாந்தில் உள்ள வெண்சுண்ணக் குன்றுகளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அக்குன்றுகளில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவைகள் யாவை, அவை எவ்வாறு இடத்தைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்கின்றன, மனிதன் செய்த மாற்றங்கள் அவற்றை எங்ஙனம் தாக்கின என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

குன்றுகளின் தோற்றம்

சீமைச் சுண்ணாம்பு என்று நாம் வழங்கும் மென்மையான வெண்பாறை, கடலின் கொடையாகும். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை, இன்றைய இங்கிலாந்தின் பெரும்பகுதி வெதுவெதுப்பான கடலுக்கு அடியில் இருந்தது. அக்கடலில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய பாசிகள் எண்ணிறந்தன வாழ்ந்தன. அவை தம் உடலைச் சுற்றிச் சுண்ணத்தாலாகிய சிறு தகடுகளை அணிந்திருந்தன. பாசிகள் மடிந்தபோது அத்தகடுகள் கடலடியில் மெல்ல மெல்லப் படிந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகள் இவ்வாறு படிந்து இறுகிய படிவே வெண்சுண்ணப் பாறை. பின்னர் நிலம் உயர்ந்தது, கடலடி குன்றாயிற்று. 1868-ஆம் ஆண்டில் ஹக்ஸ்லி என்னும் அறிவியலறிஞர், நார்விச் நகரத்துத் தொழிலாளர்களுக்கு ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியைப் பற்றியே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தச்சன் தன் கால்சட்டைப்பையில் வைத்திருக்கும் சிறு துண்டிலும் உலகின் வரலாறு அடங்கியிருக்கிறது என்று அவர் அவர்களுக்கு விளக்கினார்.

இக்குன்றுகளுள் சசெக்ஸ், ஹாம்ப்ஷயர் பகுதிகளில் உள்ளவை தென் டவுன்ஸ் எனப்படும். சர்ரே, கென்ட் பகுதிகளில் உள்ளவை வட டவுன்ஸ். இலண்டனுக்கு வடமேற்கே சில்டர்ன் குன்றுகளும், வில்ட்ஷயரில் சாலிஸ்பரி மேட்டுச் சமவெளியும், வடக்கே யார்க்ஷயரில் ஓல்ட்ஸ் என்னும் குன்றுகளும் உள்ளன. 'டவுன்' என்ற சொல்லைக் கேட்டு, பள்ளம் என்று எண்ணிவிடலாகாது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் மூலம் குன்றையே குறித்தது. இவற்றுள் மிக உயர்ந்ததும் 300 மீட்டரை எட்டவில்லை. நம் நீலகிரியின் தொட்டபெட்டாவோடு ஒப்பிட்டால் இவை வெறும் மேடுகளே. எனினும், உயரத்தில் குறைந்த இக்குன்றுகள் உயிர்வளத்தில் குறைந்தவை அல்ல.

இவற்றின் மண் மிக மெல்லியது. மேல் மண்ணைச் சற்றே அகற்றினால் வெண்பாறை தோன்றும். இடையிடையே சிக்கிமுக்கிக் கற்கள் கிடக்கும். பெய்யும் மழைநீர் பாறையின் நுண்துளைகளின் வழியே உள்ளே இறங்கிவிடுகிறது. ஆதலின் குன்றின்மேல் ஓடைகள் காண்பதரிது. நீரும் உரமும் குறைந்த இம்மண்ணில் எந்த ஒரு புல்லும் ஓங்கி வளர்ந்து பிறவற்றை அடக்கிவிட இயலாது. அதனால் சிறு செடிகள் பல அருகருகே வாழ இடம் கிடைக்கிறது. நன்கு மேய்க்கப்பட்ட பழைய புல்தரையில், ஒரு சதுர மீட்டர் பரப்புக்குள் 40 வகைச் செடிகளைக்கூடக் காணலாம். மண்ணின் வறுமையே மலர்களின் செல்வமாயிற்று என்னலாம். அம்மலர்களை நாடி வண்டும் பூச்சியும் வருகின்றன. அவற்றை நாடிப் பறவைகள் வருகின்றன.

ஆடுகள் ஆக்கிய நிலம்

இக்குன்றுகள் இயற்கையாகவே புல்வெளிகளாக இருந்தன என்று கருதுதல் கூடாது. முன்பு இவற்றின் பெரும்பகுதியை மரங்கள் மூடியிருந்தன. ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனுக்கு வந்த உழவுத் தொழில் மக்கள் அம்மரங்களை வெட்டத் தொடங்கினர். அவர்களுக்குப் பின் வந்தோர் செம்மறியாடுகளை மேய்த்தனர். ஆடு மேய்ந்த இடத்தில் மரக்கன்று தலையெடுக்கவில்லை. புல் மட்டுமே நிலைத்தது.

மேய்ப்பர்கள் கையாண்ட முறை நுட்பமானது. பகல் முழுவதும் ஆடுகள் குன்றின்மேல் மேயும். மாலையில் அவற்றை அடிவாரத்து வயல்களுக்கு ஓட்டிவந்து பட்டியில் அடைப்பர். நம் நாட்டு உழவர் வயலில் கிடை மறிப்பதை ஒத்தது இது. ஆட்டின் எரு வயலுக்குச் சேர்ந்தது, பயிர் செழித்தது. குன்றின் சத்தோ நாள்தோறும் சிறிது சிறிதாகக் கீழே இறங்கியது. எனவே குன்று என்றும் மெலிந்த மண்ணோடும் குறும்புல்லோடும் நின்றது. 12-ஆம் நூற்றாண்டளவில் நார்மானியர் கொண்டுவந்த குழிமுயல்களும் பின்னாளில் பெருகி, ஆடுகளுக்குத் துணையாகப் புல்லைக் கறித்துத் தரையைக் குட்டையாக வைத்தன.

இவ்வாறு மனிதனும் ஆடும் முயலும் கூடி ஆக்கிய நிலத்தைத்தான் பறவைகள் தம் வீடாகக் கொண்டன.

ஒரே குன்று, பல வீடுகள்

தொலைவிலிருந்து காண்பவர்க்குக் குன்று முழுவதும் ஒன்றாகவே தோன்றும். பறவைக்கோ அஃது ஒன்றன்று. புல் ஒரு விரல் உயரம் இருக்கும் இடம் ஒரு வீடு. முழங்கால் உயரம் இருக்கும் இடம் மற்றொரு வீடு. முட்புதர் மண்டிய சரிவு வேறொரு வீடு. மரங்கள் அடர்ந்த பகுதி இன்னுமொரு வீடு. ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பறவைக் கூட்டம் வாழ்கிறது.

முதலில், புல் மிகக் குறுகி, கல்லும் மண்ணும் வெளியே தெரியும் வெற்றுத்தரையைக் காண்போம். இங்கே வாழ்வது கண்கிலேடி. நம் நாட்டுக் கண்கிலேடிக்கு இது நெருங்கிய உறவு. பெரிய மஞ்சள் கண்களும் நீண்ட கால்களும் உடையது. பகலில் அசையாது அமர்ந்திருக்கும். இருள் சூழ்ந்தபின் வண்டுகளையும் மண்புழுக்களையும் தேடி உண்ணும். குளிர்காலத்தை ஸ்பெயினிலும் ஆப்பிரிக்காவிலும் கழித்துவிட்டு, மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்துக்குத் திரும்பும். இது கூடு கட்டுவதில்லை. தரையில் ஒரு சிறு குழிவில் இரண்டு முட்டைகள் இடும்.

ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் கில்பர்ட் ஒயிட் என்ற சமயகுரு வாழ்ந்தார். அவர் காலம் 1720 முதல் 1793 வரை. வெண்சுண்ணக் குன்று ஒன்றின் அடிவாரத்தில் உள்ள தம் ஊரின் உயிர்களை வாழ்நாளெல்லாம் உற்றுநோக்கி, நண்பர்களுக்குக் கடிதங்களாக எழுதினார். அக்கடிதங்கள் 1789-இல் நூலாக வெளிவந்தன. கண்கிலேடியின் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்தவுடனே ஓடவல்லவை என்றும், தாய் அவற்றைக் கற்கள் நிறைந்த வயலுக்கு அழைத்துச் செல்கிறது என்றும், அவற்றின் இறகு சிக்கிமுக்கிக் கல்லின் புள்ளி நிறத்தையே ஒத்திருப்பதால் கல்லோடு கல்லாய்க் கிடந்து அவை பகைவர் கண்ணை மறைக்கின்றன என்றும் அவர் எழுதினார். உழவர் தரிசு நிலத்தைக் கிளறும்போது இதன் முட்டைகள் பலகால் அழிந்துபோகின்றன என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. இக்குறிப்பை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் இதற்கு நாம் திரும்ப வேண்டியிருக்கும்.

வெற்றுத்தரையை விரும்பும் மற்றொரு பறவை ஆள்காட்டி. தலையில் நீண்ட கொண்டை உடைய இவ்வினம், நான்கு முட்டைகளைத் தரையில் இட்டு, காகம் அணுகினால் சுழன்று சுழன்று பறந்து கூவி விரட்டும். வேறொன்று 'வீட்டியர்' என்று ஆங்கிலேயர் அழைக்கும் சிறு பறவை. பறக்கும்போது இதன் வாலடியில் வெண்மை பளிச்சிடும். இது குழிமுயலின் பழைய வளைக்குள் கூடு கட்டும். முயல் வளை தோண்டுகிறது, புல்லையும் குட்டையாக்குகிறது, பறவை இரண்டினாலும் பயன் பெறுகிறது. முன்னாளில் தென் டவுன்சின் மேய்ப்பர்கள் இப்பறவையைப் புல்தரையில் வெட்டிய சிறு குழிகளில் குதிரைமயிர்க் கண்ணி வைத்துப் பிடித்து, கடற்கரை நகரங்களின் செல்வர் விருந்துக்கு விற்றனர். ஹட்சன் என்னும் எழுத்தாளர் 1900-இல் வெளியிட்ட, டவுன்ஸ் நிலத்தைப் பற்றிய நூலில் இவ்வழக்கத்தை விரித்துக் கூறியுள்ளார்.

புல் சற்றே உயர்ந்த இடத்துக்கு வந்தால் அங்கே அரசோச்சுவது வானம்பாடி. கூடு தரையில், பாட்டு வானில். ஆண்பறவை தரையிலிருந்து எழுந்து, சிறகடித்தவாறே மேலேறி, கண்ணுக்குப் புள்ளியாகத் தோன்றும் உயரத்தில் நின்று, இடைவிடாது பல நிமிடங்கள் பாடும். இப்பாட்டு வெறும் மகிழ்ச்சிக் குரலன்று. 'இவ்விடம் எனக்குரியது' என்று பிற ஆண்களுக்கு விடுக்கும் அறிவிப்பாகும். ஏறி அமர மரமற்ற வெளியில் வாழும் பறவைக்கு வானமே மேடை. மரங்களுக்கு அருகே வானம்பாடி கூடு கட்ட விரும்புவதில்லை. காகமும் வல்லூறும் அமர்ந்து நோட்டமிடும் இடம் அதுவாதலின். பெண்பறவை மூன்று அல்லது நான்கு முட்டைகளை ஏறத்தாழ 11 நாள் அடைகாக்கும். குஞ்சுகள் பறக்கக் கற்கும் முன்னரே, 8 முதல் 10 நாளில் கூட்டை விட்டு நடந்து வெளியேறிப் புல்லுக்குள் சிதறி ஒளிந்துகொள்ளும். எல்லாம் ஒரே கூட்டில் இருந்தால் ஒரு பகையே அனைத்தையும் அழித்துவிடும். சிதறினால் சிலவேனும் பிழைக்கும்.

வானம்பாடியின் அண்டைவீட்டுக்காரர் நெட்டைக்காலி. இதுவும் பாடிக்கொண்டே மேலெழும். ஆயின் விரைவில் சிறகை விரித்து, குடை இறங்குவதுபோல் மெல்லக் கீழே இறங்கும். ஐரோப்பியக் குயில் தன் முட்டையை இதன் கூட்டில் இடுவதுண்டு. இப்புல்வெளியில் மஞ்சள் எறும்புகள் எழுப்பும் சிறு புற்றுகள் மிகுதி. பச்சை மரங்கொத்தி, மரத்தில் கூடு கட்டினும், உணவுக்காக இப்புற்றுகளை நாடிக் குன்றுக்கு வரும்.

அடிவாரத்து வயல்களிலும் அவற்றின் ஓரங்களிலும் சாம்பல் கவுதாரி வாழ்கிறது. ஒரே ஈட்டில் 15 முட்டைகள் வரை இடுவது இதன் சிறப்பு. இதன் குஞ்சுகள் முதல் இரண்டு வாரங்களில் பெரும்பாலும் பூச்சிகளையே உண்டு வளரும். தானிய வயலின் வேலிக் கம்பியில் அமர்ந்து, சாவிக்கொத்தைக் குலுக்கினாற்போல் ஒலியெழுப்பும் பருத்த பறவை வயல் பன்டிங். இது காலந்தாழ்த்தி, ஜூன், ஜூலைத் திங்கள்களில்தான் பெரும்பாலும் கூடு கட்டும்.

ஆடு மேயாத சரிவுகளில் ஜூனிப்பரும், ஹாதார்ன் என்னும் முட்செடியும், பிற புதர்களும் முளைக்கின்றன. அங்கே பறவைக் கூட்டம் அடியோடு மாறிவிடுகிறது. வானம்பாடி விலகுகிறது. லினட், மஞ்சள் பன்டிங், வெண்தொண்டைக் கதிர்க்குருவி ஆகியவை வந்து சேருகின்றன. புதர் மேலும் அடர்ந்தால் கருந்தலைக் கதிர்க்குருவியும், சில இடங்களில் நைட்டிங்கேல் என்னும் இராப்பாடியும் குடியேறுகின்றன. புல்வெளியைவிடப் புதர்க்காட்டில் பறவை இனங்கள் மிகுதி. காரணம் யாது? புல்வெளியில் உள்ளது ஒரே தளம். புதரில் தரை, தண்டு, கிளை, நுனி எனப் பல தளங்கள் உள்ளன. பல மாடிகள் உள்ள வீட்டில் பல குடும்பங்கள் வாழ்வது போன்றது இது.

புதரும் வளர்ந்து காடானால் பீச்சு மரங்கள் ஓங்குகின்றன. கில்பர்ட் ஒயிட்டின் ஊரில், குன்றின் செங்குத்தான சரிவை இத்தகைய பீச்சுக்காடே போர்த்தியுள்ளது. உருவில் ஒன்றுபோலவே தோன்றும் மூன்று சிறு கதிர்க்குருவிகளை, அவற்றின் பாட்டைக் கேட்டே மூன்று வெவ்வேறு இனங்கள் என்று அவர் பிரித்தறிந்தார். செவியால் கண்ட உண்மை அது.

பறவைகளை எண்ணும் முறை

ஒரு குன்றில் எத்தனை இணைகள் வாழ்கின்றன என்று எவ்வாறு அறிவது? பறவைகள் ஓரிடத்தில் நில்லாதவை. பெண்பறவையோ கூட்டில் மறைந்திருக்கும். இதற்கு அறிஞர்கள் எளிய வழி ஒன்று கண்டனர். இளவேனிலில் விடியற்காலைதோறும் ஒருவர் குறித்த நிலப்பரப்பைச் சுற்றி வருவார். பாடும் ஆண்பறவை ஒவ்வொன்றையும் வரைபடத்தில் புள்ளியிட்டுக் குறிப்பார். பலமுறை இவ்வாறு செய்தபின் எல்லாப் புள்ளிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், அவை கொத்துக் கொத்தாக அமைந்திருக்கும். ஒவ்வொரு கொத்தும் ஓர் இணையின் எல்லையாகும். பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை 1962 முதல் 2000 வரை இம்முறையால் கணக்கெடுத்தது. 1994-இல் தொடங்கிய வேறொரு எளிய முறை இன்றும் தொடர்கிறது. இவ்வேலையைச் செய்வோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத ஆர்வலர்களே. ஆண்டுதோறும் அவர்கள் பொறுமையுடன் எடுத்த கணக்கே, இனிக் கூறவிருக்கும் துயரக் கதைக்குச் சான்றாயிற்று.

குன்றுக்கு நேர்ந்த மாற்றங்கள்

முதலில் மறைந்தது பெருங்கானமயில். ஆண்பறவை 15 கிலோவுக்கும் மேற்பட்ட எடை உடையதாகும். பறக்கும் பறவைகளுள் மிகக் கனமானவற்றுள் இஃது ஒன்று. திறந்த வெளிகளில் வாழ்ந்த இப்பறவையை மக்கள் வேட்டையாடினர், முட்டைகளைக் கவர்ந்தனர், வெளிகளோ வேலியிட்ட வயல்களாயின. 1832-ஆம் ஆண்டுக்குப்பின் இங்கிலாந்தில் இது கூடு வைத்ததாகச் செய்தி இல்லை.

இரண்டாம் உலகப் போர் மற்றொரு மாற்றத்தைக் கொணர்ந்தது. நாட்டுக்கு உணவு வேண்டியிருந்தது. பல நூற்றாண்டுகள் உழவு காணாத குன்றுச் சரிவுகளும் உழப்பட்டன. போருக்குப்பின்னும் உழவு நிற்கவில்லை. வேதியுரங்கள் மெலிந்த மண்ணையும் விளையச் செய்தன. பழைய புல்தரையின் பெரும்பகுதி அழிந்தது.

1953-இல் மிக்சோமட்டோசிஸ் என்னும் முயல் கொள்ளைநோய் பிரிட்டனில் பரவியது. இரண்டே ஆண்டுகளில் நாட்டின் குழிமுயல்களில் மிகப்பெரும்பாலானவை மடிந்தன. பயிரைக் காத்துக்கொள்ள விரும்பிய உழவர் மகிழ்ந்தனர். ஆனால் விளைவு எங்கெங்கோ சென்று தைத்தது. ஆடுகள் முன்பே குறைந்திருந்தன. இப்போது முயலும் இல்லை. புல் உயர்ந்தது, புதர் பரவியது. வீட்டியருக்கு வளையும் இல்லை, குறும்புல்லும் இல்லை. கண்கிலேடிக்கு வெற்றுத்தரை இல்லை. வெப்பமான குறும்புல் தரையில் மட்டும் வாழும் ஒருவகைச் செவ்வெறும்பு குறைந்தது. அவ்வெறும்பின் கூட்டுக்குள் வளரும் பெரிய நீல வண்ணத்துப்பூச்சி 1979-இல் பிரிட்டனிலிருந்து மறைந்தே போயிற்று. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் அதனோடு தொங்கும் யாவும் வீழும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

வயலிலும் மாற்றம் நேர்ந்தது. முன்பு இளவேனிலில் விதைத்த தானியத்தை, பின்னர் இலையுதிர் காலத்திலேயே விதைக்கலாயினர். விளைச்சல் மிகுந்தது; ஆனால் மே திங்களுக்குள் பயிர் ஓங்கி அடர்ந்துவிட்டது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை குஞ்சு பொரிக்க வேண்டிய வானம்பாடி, முதல் ஈட்டுக்குப்பின் இறங்கவும் இடமின்றித் தவித்தது. குளிர்காலத்தில் இரை தந்த அறுவடைத் தாள்நிலங்களும் இல்லாமற்போயின. 1970-களுக்குப்பின் பிரிட்டனின் வானம்பாடிகளில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன.

கவுதாரியின் வீழ்ச்சி ஆராய்ச்சிக்குரிய புதிராயிற்று. 1968-இல் சசெக்சின் டவுன்ஸ் வயல்களில் டிக் பாட்ஸ் என்னும் அறிஞர் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார். களைக்கொல்லி களையை அழித்தது. களையில் வாழ்ந்த பூச்சி அழிந்தது. பூச்சியின்றிக் கவுதாரிக் குஞ்சு பட்டினியால் மடிந்தது. களைக்கொல்லி எந்தக் கவுதாரியையும் நேராகக் கொல்லவில்லை. ஆயினும் கவுதாரி இனத்தை அதுவே குலைத்தது.

சில துன்பங்கள் தொலைநாட்டிலிருந்தும் வந்தன. 1969-ஆம் ஆண்டு இளவேனிலில் வெண்தொண்டைக் கதிர்க்குருவிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இங்கிலாந்துக்குத் திரும்பின. புதர்கள் அப்படியே இருந்தன. பாட்டு மட்டும் இல்லை. அவை குளிர்காலத்தைக் கழிக்கும் ஆப்பிரிக்காவின் சாகெல் பகுதியில் நேர்ந்த கடும் வறட்சியே காரணம் என்று பின்னர்ப் புலனாயிற்று. ஒரு குன்றின் பறவையைக் காக்க அக்குன்றைக் காத்தால் மட்டும் போதாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

மீட்கும் முயற்சிகள்

அழிவைக் கண்டு அறிஞரும் உழவரும் வாளா இருக்கவில்லை. கண்கிலேடியை எடுத்துக்கொள்வோம். 1930-களில் பிரிட்டனில் 1,000 இணைகளுக்கு மேல் இருந்த இப்பறவை, 1980-களில் 200-க்கும் கீழே இறங்கிவிட்டது. புல்வெளி இழந்த அது, வேறு வழியின்றி உழுத வயல்களில் முட்டையிட்டது. கில்பர்ட் ஒயிட் எழுதியவாறே, உழவுக் கருவிகள் முட்டைகளை நசுக்கின. இப்போது பறவைக் காவலர்கள் கூடுகளைத் தேடிக் கண்டு உழவர்க்கு அறிவிக்கின்றனர்; உழவர் அவ்விடத்தை மட்டும் விலக்கி எந்திரத்தை ஓட்டுகின்றனர். வயலின் நடுவே 1 அல்லது 2 ஹெக்டேர் நிலத்தை விதையாது வெற்றுத்தரையாக விடுவோர்க்கு அரசு உதவித்தொகை வழங்குகிறது. இம்முயற்சியால் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே இணைகளின் தொகை 300-ஐக் கடந்தது. இரண்டு நூற்றாண்டுக்கு முன் ஒருவர் கண்டு எழுதிய குறையை, பின்வந்தோர் திருத்தத் தொடங்கிய கதை இது.

வானம்பாடிக்குச் செய்த உதவி மிக எளியது. கோதுமை வயலில் விதைக்கும்போது ஹெக்டேருக்கு இரண்டு சிறு திட்டுகளை விதையாது விட்டுவிடுதல், அவ்வளவே. ஒரு சிறு அறையளவுள்ள அத்திட்டில் பறவை இறங்கி இரை தேடுகிறது. உழவருக்கு ஏற்படும் இழப்போ மிகச் சிறிது. கவுதாரிக்காக வயலோரங்களில் மருந்து தெளிக்காத களைப்பட்டைகளும், பூச்சிகள் வாழப் புல்வரப்புகளும் விடப்படுகின்றன.

சாலிஸ்பரி சமவெளியின் கதை வியப்பானது. 1897 முதல் அரசின் போர்த்துறை அங்கே நிலம் வாங்கிப் படைப்பயிற்சி நிகழ்த்தி வருகிறது. பயிற்சிக்களம் இன்று ஏறத்தாழ 38,000 ஹெக்டேர் பரப்புடையது. பீரங்கி முழங்கும் இடத்துக்கு ஏர் வரவில்லை. உரமும் மருந்தும் வரவில்லை. ஆதலின் வடமேற்கு ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய வெண்சுண்ணப் புல்வெளி அங்குத் தப்பிப் பிழைத்தது. வானம்பாடியும் நெட்டைக்காலியும் கண்கிலேடியும் அங்கே வாழ்கின்றன. எனினும் இதற்கு மனிதர் கொடுத்த விலையையும் மறத்தலாகாது. 1943-இல் இம்பர் என்னும் சிற்றூரின் மக்கள் படைப்பயிற்சிக்காக வெளியேற்றப்பட்டனர். அவர்கள் மீண்டும் குடியேற அனுமதிக்கப்படவில்லை.

இச்சமவெளியில்தான் பெருங்கானமயிலை மீண்டும் குடியேற்றும் முயற்சி 2004-இல் தொடங்கியது. ரஷ்யாவிலிருந்து குஞ்சுகளும், பின்னர் ஸ்பெயினிலிருந்து முட்டைகளும் கொண்டுவரப்பட்டன. முதல் ஆண்டுகளில் பல பறவைகள் மடிந்தன. ஆயினும் 2009-இல், 177 ஆண்டுகளுக்குப்பின், இங்கிலாந்தின் திறந்த வெளியில் பெருங்கானமயிலின் குஞ்சு முட்டையை உடைத்து வெளிவந்தது. சில்டர்ன் குன்றுகளில் 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட, கவட்டுவாலுடைய செந்நிறப் பருந்துகளோ இன்று நன்கு பெருகி, ஊர்களின் மேலும் வட்டமிடுகின்றன.

எதைக் காப்பது?

இவ்விடத்தில் ஓர் அரிய வினா எழுகிறது. புல்வெளியைக் காக்கப் புதரை வெட்டினால், லினட்டும் இராப்பாடியும் வீடிழக்கும். புதரை வளரவிட்டால், வானம்பாடியும் கண்கிலேடியும் வீடிழக்கும். காடு ஓங்கினால் இரண்டும் போகும். எதைக் காப்பது? எதை விடுவது? 'இயற்கையை அதன் போக்கில் விட்டுவிடுக' என்பது கேட்க இனிய விடை. ஆனால் மனிதனும் ஆடும் ஆக்கிய நிலத்தை அவ்வாறு விட்டால், சில பத்தாண்டுகளில் குன்றெங்கும் புதரும் காடுமாகவே மாறிவிடும்.

அறிந்தோர் கூறும் விடை நடுநிலையானது. பழைய புல்தரை எஞ்சியிருக்கும் இடத்தில் ஆடுகளைக் கொண்டு மேய்த்து அதைப் பேணவேண்டும். ஏனெனில் அஃது ஒருமுறை அழிந்தால் மீண்டும் அந்நிலையை அடையப் பல தலைமுறைகள் ஆகும். புதரோ விரைவில் வளரவல்லது. ஆகவே ஓரங்களிலும் சரிவுகளிலும் அதற்கு இடம் விட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பகுதியை வெட்டி, மற்றொரு பகுதியை வளரவிடலாம். புல்லும் புதரும் மரமும் தத்தம் அளவில் அமைந்த குன்றே எல்லாப் பறவைக்கும் வீடாகும்.

இப்பாடம் நமக்கும் உரியது. பெருங்கானமயிலின் உறவாகிய கானமயில் ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் வாழ்ந்தது. இன்று இங்கே அது இல்லை. இந்தியாவில் எஞ்சிய சிலவற்றுள் பெரும்பாலானவை இராஜஸ்தானத்தில் உள்ளன. மரமற்ற வெளியைப் 'பயனற்ற தரிசு' என்று எண்ணுவது எளிது. அந்நிலத்தைக் கூர்ந்து நோக்குவோர்க்கோ, அங்கே கல்லோடு கல்லாய்க் கிடக்கும் குஞ்சும், புல்லுக்கடியில் மறைந்திருக்கும் கூடும் புலப்படும். நிலத்தையும் புள்ளையும் ஒருங்கே வைத்து எண்ணிய முன்னோரின் வழிவந்த நாம், நம் ஊர்ப் புறத்து வெளியில் எப்பறவை வாழ்கிறது என்பதையேனும் அறிந்திருத்தல் வேண்டும். அறிந்ததையே காக்க இயலும்.